ஃபைல் யார் டேபிளில் கிடக்கிறது? குரூப் 1 மெயின்ஸில் என்னைக் கரையேற்றிய கேள்வி

ரிசல்ட் வந்து 9 நாள் ஆகிறது. அப்பா இன்னும் தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊரக வளர்ச்சித் துறையில் உதவி இயக்குநர் பதவி. “துணை கலெக்டர் கிடைக்கலையா?” என்று கேட்கிற சித்தப்பாவுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். இது எனக்கு மூன்றாவது மெயின்ஸ். முதல் தடவை நேர்முகத் தேர்வுக்கே அழைப்பு வரவில்லை. இரண்டாம் தடவை அழைப்பு வந்தது, பதவி வரவில்லை.

முழுத் தேர்வுக்கும் வழிகாட்டல் என்று நினைத்துப் படிக்காதீர்கள். அறிவியலிலும் புவியியலிலும் நானே சுமார்தான், அதற்கு வேறு ஆளைப் பிடியுங்கள். நான் சொல்லப்போவது பாலிட்டியில், அதாவது அரசமைப்பும் அரசியலும் பற்றிய பாடத்தில், ஒரே ஒரு பகுதி: அரசு நிர்வாகம் மூடி வைப்பதைச் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் எப்படிக் கேட்கின்றன, எந்த இடத்தில் கேட்க முடியாமல் நிற்கின்றன. இரண்டு தடவை என்னைக் கவிழ்த்தது இதுதான்.

முதல் தடவை செய்த கூத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். நிர்வாகத்தின் மீது சட்டமன்றக் கட்டுப்பாடு பற்றிக் கேள்வியைப் பார்த்ததும் கை தானாக கிரானைட் என்று எழுத ஆரம்பித்துவிட்டது. 2012-இல் மதுரை ஆட்சியராக இருந்த சகாயம் கிரானைட் குவாரி முறைகேடு பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கை, 2014-இல் உயர் நீதிமன்றம் அதை விசாரிக்க அவரையே சட்ட ஆணையராக நியமித்தது, 2015-இல் அவர் அறிக்கை கொடுத்தது என்று இரண்டரைப் பக்கம். சின்ன வயதிலிருந்து குவாரி லாரிப் புழுதியைத் தின்று வளர்ந்தவளுக்கு ஆவேசம் வராமல் என்ன செய்யும்? ஆனால் ஆட்சியர் நிர்வாகத்தின் ஆள். சட்ட ஆணையர் நீதிமன்றத்தின் ஆள். என் விடை முழுவதிலும் சட்டமன்றம் ஒரு வரியில்கூட இல்லை. பஸ்ஸில் மாட்டுத்தாவணி தாண்டும்போதுதான் இது உறைத்தது. அதற்குப் பிறகு ஒத்தக்கடை வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் தடவை நேர் எதிர். ஒரு பயிற்சி மையத்தின் நோட்ஸை மனப்பாடம் செய்தேன். பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர், மக்களவை 15, மாநிலங்களவை 7. மதிப்பீட்டுக் குழுவில் 30 பேர், எல்லோரும் மக்களவை. பொது நிறுவனங்கள் குழு 1964. துறைசார் நிலைக்குழுக்கள் 1993-இல் 17, பிறகு 24. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் பிரிலிம்ஸ் விடையை மெயின்ஸ் தாளில் கொட்டினால் யார் மார்க் போடுவார்கள்? 22 பேர் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மூன்றாம் தடவைக்கான வழியைக் காட்டியது அப்பா. அவர் ஒரு பட்டா உட்பிரிவுக்காக ஓர் அலுவலகத்துக்கு 14 மாதம் நடந்தார். ஒருநாள் துணைக்கு நானும் போயிருந்தேன். கம்ப்யூட்டர் திரைக்கு மேல் முருகன் படம், அதற்குப் பக்கத்தில் கயிறு கட்டிய கோப்புகள் ஆள் உயரத்துக்கு. “ஃபைல் மேல போயிருக்கு” என்றார் அங்கிருந்தவர். அப்பா நேராக மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். மாடியில் ஒரு உடைந்த பீரோதான் இருந்ததாம். வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னார்: “தாயி, குடுப்பாங்களா மாட்டாங்களான்னு கேக்கக் கூடாது. யாரு டேபிள்ல கெடக்குன்னு கேக்கணும். அதத் தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.”

அன்றைக்கு ராத்திரி பாலிட்டி நோட்டை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே கேள்வி. காகிதம் யார் டேபிளில் கிடக்கிறது, அதை அங்கிருந்து நகர்த்தச் சொல்லும் விதி எது, நகர்த்தாவிட்டால் என்ன ஆகும்?

தணிக்கை அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மாநிலத்தின் கணக்குகள் குறித்த சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கை, அரசமைப்பின் 151-ஆம் கூற்றின்படி ஆளுநருக்குப் போகிறது. அவர் அதைச் சட்டமன்றத்தில் வைக்கச் செய்ய வேண்டும். எத்தனை நாளைக்குள்? அந்தக் கூற்றில் கெடு இல்லை. அவையில் வைத்த பிறகுதான் பொதுக் கணக்குக் குழு கையில் எடுக்கும். ஆக, அவைக்கு வருவதற்கு முந்தைய டேபிளில் எவ்வளவு நாள் தூங்குகிறதோ அவ்வளவு நாள் கண்காணிப்பும் தூங்குகிறது. “22 உறுப்பினர்கள்” என்று எழுதுவதைவிட இந்த மூன்று வரிக்கு மதிப்பு அதிகம் என்று அடித்துச் சொல்வேன்.

ரஃபேல் போர் விமானக் கொள்முதல் விவகாரம் இதற்கென்றே நடந்ததுபோல. உச்ச நீதிமன்றத்தின் 2018 டிசம்பர் 14 தீர்ப்பில், விலை விவரம் சிஏஜியிடம் தரப்பட்டது, சிஏஜி அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டது என்ற பொருளில் ஒரு வாசகம் வந்தது. அப்போது அந்த அறிக்கையே அவைக்கு வந்திருக்கவில்லை. வராத அறிக்கையைக் குழு எப்படி ஆராயும்? மூடிய உறையில் தாங்கள் கொடுத்த குறிப்பின் வாசகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது, திருத்த வேண்டும் என்று அரசே மறுநாள் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. நடைமுறையைச் சொன்னோம், நடந்துவிட்டதாகச் சொல்லவில்லை என்பது அரசின் விளக்கம். அறிக்கை கடைசியில் 2019 பிப்ரவரி 13 அன்றுதான் தாக்கல் ஆனது, அதுவும் விலை எண்கள் மறைக்கப்பட்டு. மூடிய உறை, நீதிமன்றம், தணிக்கையாளர், குழு என்று நான்கு டேபிள். கடைசி டேபிளுக்கு வந்தபோது எண்ணே இல்லை. இதை நான் நோட்டில் படமாக வரைந்து வைத்திருந்தேன். தேர்வில் அதே படத்தை நாலு கட்டம் போட்டு வரைந்தேன்.

மற்றவை சுருக்கமாக, என் நோட்டில் இருந்தபடியே:

– அமைச்சர் இரண்டு உறுதிமொழி எடுக்கிறார், ஒன்று பதவிக்கு, ஒன்று ரகசியக் காப்புக்கு. சட்டமன்ற உறுப்பினருக்கு ரகசியக் காப்பு உறுதிமொழி கிடையாது. அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை. என் விடையின் முதல் வரி இதுதான். “மக்களாட்சி என்பது” என்று தொடங்காதீர்கள், தயவு செய்து.

– கேள்வி நேரம்: மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியது) 20. ஆனால் மக்களவை விதி 41, அமைச்சரவை விவாதம், அமைச்சரவைக் குழுக்களின் அமைப்பு போன்று இயல்பிலேயே ரகசியமானவற்றைச் சாதாரணமாகக் கேட்கக் கூடாது என்கிறது. கேட்கும் உரிமையும் கேட்காதே என்ற கதவும் ஒரே விதிப் புத்தகத்தில்.

– மக்களவை விதி 270: குழுக்கள் ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கலாம். ஆனால் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று அரசு சொன்னால் ஆவணத்தைத் தர மறுக்கலாம்.

– உறுதிமொழிக் குழு (பதவிப் பிரமாணம் இல்லை, அமைச்சர்கள் அவையில் தரும் வாக்குறுதிகளைக் கண்காணிப்பது): “பரிசீலிக்கப்படும்”, “ஆவன செய்யப்படும்”. அமைச்சர் அவையில் இப்படிச் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மக்களவையில் நிறைவேற்றக் கெடு 3 மாதம். கெடு தாண்டினால் நீட்டிப்புக் கேட்கலாம். அப்பாவிடம் இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார்.

– பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் தலைவர் என்பது 1967-லிருந்து வரும் மரபு. விதி என்று எழுதாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன்.

– நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்ட மசோதாக்கள்: 15-ஆவது மக்களவையில் 71 சதவீதம், 17-ஆவதில் 16 சதவீதம். இந்த இரண்டு எண் போதும், அட்டவணை வேண்டாம்.

– 1962 சீனப் போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கை இன்றுவரை அவையில் வைக்கப்படவில்லை. கார்கில் மறுஆய்வுக் குழு அறிக்கை 2000 பிப்ரவரியில் சில பகுதிகள் நீக்கப்பட்டு வைக்கப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், விளக்கமே வேண்டாம்.

– உளவு அமைப்புகள்: பிரிட்டனில் 1994-இலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடங்கிய கண்காணிப்புக் குழு, அமெரிக்க செனட்டில் 1976-இலிருந்து தனிக்குழு. நம் ஐபி-க்கும் ரா-வுக்கும் அப்படி ஒரு குழு கிடையாது.

ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் எல்லோரும் 2005, 30 நாள், 10 ரூபாய் என்று எழுதிவிட்டு, தமிழ்நாடு 1997-லேயே முதலில் சட்டம் போட்டது என்று ஒரு பெருமை வரியோடு முடித்துவிடுகிறார்கள். சட்டமன்றத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரு தொப்புள்கொடி இருந்தது. 8(1) பிரிவில், தனிநபர் தகவல் பற்றிய உட்பிரிவின் கீழே ஒரு வாசகம்: நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த ஒருவருக்கும் மறுக்கக் கூடாது. அதாவது எம்எல்ஏ கேட்டால் கொடுத்தாக வேண்டியதை எங்கள் அப்பா கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, அந்த உட்பிரிவையே மாற்றி எழுதியபோது இந்த வாசகம் போய்விட்டது. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிற 8(2) மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த 8(2)-தான் 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்தையும் மீறி நிற்பது. என் விடையில் இதற்கு ஆறு வரி கொடுத்தேன். மார்க் வந்தது இதனால்தான் என்று என் மனசு சொல்கிறது. நிரூபிக்க வழியில்லை.

நீதிமன்றத் தீர்ப்புகளை அளவோடு வையுங்கள். 1975 ராஜ் நாராயண் வழக்கு போதும். பிரதமரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு பற்றிய நீலப் புத்தகத்தைக் காட்ட மாட்டோம் என்று அரசு நின்ற வழக்கு, பொது ஊழியர்கள் பொதுவில் செய்வதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி மேத்யூ எழுதியது. அதற்கு மேல் தீர்ப்புகளை அடுக்கினால் என் கிரானைட் கதைதான்.

சொந்த ஊர் உதாரணமே வேண்டாமா? வேண்டும், நாலு வரிக்கு மேல் வேண்டாம். மூன்றாம் தடவை டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை வைத்தேன். நாயக்கர்பட்டி வட்டாரத்தில் சுமார் 5,000 ஏக்கர், அரிட்டாபட்டியையும் தொட்டுக்கொண்டு. ஏலம் எடுத்த நிறுவனம் 2024 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டபோதுதான் எங்கள் ஊர்களுக்கே விஷயம் தெரிந்தது. மாநிலம் எப்போது எதிர்த்தது, எதிர்க்கவே இல்லையா என்று அதற்குப் பிறகு மத்திய, மாநில அரசுகள் இரண்டும் கடிதத் தேதிகளைச் சொல்லிச் சண்டை போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. இடையில் ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை எதிர்ப்புத் தெரிவித்து நடந்துபோன கூட்டத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். அதை எழுதவில்லை. “கடிதங்கள் அவை உறுப்பினர்களின் டேபிளுக்கு ஏலத்துக்கு முன்பே வந்திருந்தால்” என்று ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்தேன். அம்மாவின் கால் வீக்கம் விடைத்தாளுக்குத் தேவையில்லை என்பதைக் கற்க எனக்கு இரண்டு தேர்வு ஆயிற்று.

படித்த விதம் என் குணத்துக்கு ஏற்றது, உங்களுக்கு ஒத்து வருமா தெரியாது. எனக்குக் கூட்டுப் படிப்பு ஆகாது. நாலு பேர் உட்கார்ந்தால் கட்ஆஃப் பேச்சுத்தான். முதல் இரண்டு தடவை சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம், பிறகு புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஏசி இருக்கிறது, அதனாலேயே மதியம் தூக்கம் வரும். சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள்.

– தினம் ஒரு விடை, பேனாவால், 12 நிமிடம். போனில் டைப் செய்வது கணக்கில் வராது.
– எழுதியதும் அதில் எத்தனை காகிதம் நகர்கிறது என்று எண்ணுங்கள். பூஜ்யம் என்றால் அது கட்டுரை, விடை அல்ல.
– சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் தமிழிலேயே படியுங்கள். மானியக் கோரிக்கை, வெட்டுத் தீர்மானம், கவன ஈர்ப்பு எல்லாம் உயிரோடு இருக்கிற சொற்கள். மொழிபெயர்ப்பு நோட்ஸில் அவை செத்துக் கிடக்கின்றன.
– டெஸ்ட் பேட்ச் ஒன்று போதும். நான் மூன்றில் சேர்ந்து பணத்தை விட்டேன்.

நேர்முகத்தில் ஒருவர் கேட்டார்: “நீங்கள் அதிகாரி ஆன பிறகு சட்டமன்றக் குழு உங்கள் மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வருகிறது. சங்கடமான கோப்பு ஒன்று இருக்கிறது. என்ன செய்வீர்கள்?” கேட்ட கோப்பைக் கொடுப்பேன், மறுக்க வேண்டியதாக இருந்தால் அதை நான் முடிவு செய்ய முடியாது, அரசுக்கு எழுதி எழுத்தில் பதில் வாங்குவேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிடித்து ஆட்டினாரா, போதும் என்று ஆட்டினாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், என் பாலிட்டி நோட்டு பச்சை அட்டை போட்டது. நூலகத்தில் ஒரு தம்பி இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப் போனார். அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து திருமங்கலத்தில் யாரோ. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைசிப் பக்கத்தில் அம்மாவின் மருந்துச் சீட்டு இருக்கிறது.