மொனாக்கோ: வருமான வரி இல்லை, கஜானா காலியும் இல்லை

பிரான்ஸ் சூழ்ந்த மத்தியதரைக் கடலோரக் குட்டி நாடான மொனாக்கோவின் பரப்பு 2 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சூதாட்டப் பணத்தில் ஓடும் நாடு என்று இன்னும் எழுதுகிறார்கள், அது பழங்கதை. அரசு வரவில் கசினோவின் பங்கு சொற்பம். ஏறக்குறைய பாதி, மதிப்புக் கூட்டு வரியிலிருந்து வருகிறது. பொது விகிதம் பிரான்சில் உள்ள அதே 20 சதவீதம். அதாவது காபி குடிக்கும் கோடீஸ்வரரும், பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் தினமும் ரயிலேறி வேலைக்கு வருபவரும் ஒரே விகிதத்தில்தான் கட்டுகிறார்கள். இதை யாரும் பேசுவதில்லை.

1869 முதல் தனிநபர் வருமான வரி கிடையாது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே குடியேறித் தப்ப முடியாது. 1962ல் பிரெஞ்சு அதிபர் ட கோல் மொனாக்கோ எல்லையில் சுங்கச் சோதனை வைத்து நெருக்கினார். 1963 ஒப்பந்தப்படி, அதற்கு முன்பே நெடுநாள் அங்கே குடியிருந்தவர்கள் தவிர மற்ற பிரெஞ்சுக்காரர்கள் பிரான்சுக்கே வரி கட்ட வேண்டும். நிறுவனங்களுக்கும் முழு விலக்கில்லை: விற்றுமுதலில் 25 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வந்தால் லாபத்துக்கு வரி உண்டு.

குடியிருப்பு அட்டைக்கு மூன்று சான்றுகள் முக்கியம்: வீடு, பண வசதி, குற்றப் பின்னணி இல்லாமை. பலர் சறுக்குவது வீட்டில்தான். குடும்பத்தில் நான்கு பேர் இருக்க, ஒற்றை அறையைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள். முதல் அட்டை ஓராண்டுக்கு மட்டுமே.