நான்கு என்று எழுதுகிறவர்கள்

எங்கள் பயிற்சி மைதானத்தின் வாசல் சுவரில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். காலையில் உள்ளே வருகிற ஒவ்வோர் ஆட்டக்காரரும் அதில் ஐந்து கேள்விகளுக்கு எண் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். தூக்கம் எப்படி, கால்கள் எப்படி, களைப்பு எவ்வளவு, மனம் எப்படி இருக்கிறது, ஏதேனும் கவலை உண்டா. ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் பிரமாதம். இங்கிலாந்தின் நான்காம் அடுக்கு கால்பந்து லீகில் ஆடும் ஒரு கிளப்பில் ஆறு சீசன்கள் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் நான் படித்த பதில்களில் பெரும்பாலானவை நான்கு.

ஐந்து போட்டால் நடிக்கிறான் என்று நினைப்பார்கள். மூன்று போட்டால் நான் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பேன். இரண்டு போட்டால் அந்தச் செய்தி பயிற்சியாளர் காதுக்குப் போய், சனிக்கிழமை பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். நான்கு யாருக்கும் தொந்தரவில்லாத எண். பத்தொன்பது வயதுப் பையன்கள்கூட சேர்ந்த இரண்டாவது வாரத்துக்குள் இதைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

வெளியே இருப்பவர்களுக்கு வேறு கேள்வி. நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்தால் டாக்ஸி ஓட்டுநர், முடிவெட்டுபவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: வாரத்துக்கு ஒன்றரை மணி நேர வேலை, அதற்குச் சம்பளம் கொட்டுகிறது, இதில் களைப்பு வேறா? எங்கள் லீகில் சம்பளம் அப்படியொன்றும் கொட்டவில்லை என்பதை விட்டுவிடலாம். அந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

நான் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம், கேரள எல்லையை ஒட்டிய மீனவர் ஊர்கள். ஆண்கள் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கழித்துத் திரும்புவார்கள். அதற்குள் பையன்கள் மணலில் பந்து உதைத்து வளர்ந்துவிடுவார்கள். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்கள் கரையிலிருந்து போனவர். நானும் உதைத்தேன், ஆனால் ஆட்டத்தில் அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுவதில்தான் கெட்டிக்காரன் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. போனில் என் வேலையை விளக்கியபோது அப்பா சொன்னார்: "மக்களே, நான் இருபத்தைந்து நாள் கடலில் கிடந்து வந்தவன். சனிக்கிழமை ஓடியவனுக்குச் செவ்வாய்க்கிழமை வரை கால் வலிக்கிறது என்று சொல்லி நீ ஒரு சம்பளம் வாங்குகிறாய்." கேலிதான், ஆனால் முழுக்கக் கேலியுமல்ல.

கிளப்புக்குள்ளேயே அப்பாவின் கட்சியில் ஒருவர் இருந்தார். ஜெர்சிகளைத் துவைத்து, காய வைத்து, எண் வரிசையில் அடுக்கும் பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர், பர்மிங்காம்காரர், அந்த ஊர்க் கிளப்பான ஆஸ்டன் வில்லாவின் பக்தர். யாராவது என் மேசையில் படுத்து முனகினால் கதவருகே நின்று அவர் ஒரே மந்திரத்தைச் சொல்வார். 1980-81 சீசனில் வில்லா லீகை வென்றபோது 42 ஆட்டங்களுக்கும் சேர்த்து அவர்கள் இறக்கியது மொத்தம் 14 பேர். அதில் ஏழு பேர் ஓர் ஆட்டம் விடாமல் ஆடினார்கள். சேற்றில், கனத்த பூட்ஸில். "அவர்களுக்கு டேப்லெட் இருந்ததா, தம்பி?"

அந்தக் கணக்கு சரியானதுதான். அதனால்தான் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு சீசன்கள் பிடித்தன. வில்லாவுக்கு அந்த ஆண்டு ஐரோப்பியப் போட்டி இல்லை என்பது சிறிய பதில். பெரிய பதில், ஆட்டமே வேறு என்பது. 1976இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்தின் முதல் டிவிஷன் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 8.7 கிலோமீட்டர் நகர்ந்ததாகச் சொல்கிறது. இன்று 10 முதல் 12 வரை. தூரத்தைவிட முக்கியமானது வேகம். அந்தக் காலத்து ஆட்டத்துக்குள்ளேயே ஓய்வு இருந்தது. தடுப்பாட்டக்காரர் பந்தைக் கோல்கீப்பரிடம் தள்ளுவார், அவர் கையில் எடுத்துத் தரையில் தட்டிக்கொண்டிருப்பார், இருபது பேரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவார்கள். 1992இல் அந்த விதியை மாற்றி, சக ஆட்டக்காரர் காலால் தரும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்று ஆக்கினார்கள். ஆட்டம் அழகானது, மூச்சு வாங்கும் இடம் போய்விட்டது. இப்போது பந்து வெளியே போனால் அதை எடுத்துவரக்கூட நேரம் ஆவதில்லை, கோட்டோரத்தில் இன்னொரு பந்து தயாராக இருக்கும்.

பெரியவர் இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அந்த விதியைத் திரும்பக் கொண்டுவரலாமே" என்றார்.

களைப்பு என்று நாம் சொல்வது எது என்பதில்தான் குழப்பம். அப்பாவின் களைப்பு கரைக்கு வந்ததும் முகத்தில் தெரியும். இரண்டு நாள் தூங்குவார். ஆட்டக்காரனின் களைப்பு அப்படி வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சிரித்துக்கொண்டுதான் வருவான். திங்கட்கிழமை பாருங்கள், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவான். தசை வலி மறுநாளைவிட இரண்டாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். காரணம் ஓடியது மட்டுமல்ல, ஓடிய வேகத்தில் சட்டென்று நின்றதும் திரும்பியதும். நீளும்போதே இறுகிப் பிடிக்க வேண்டிய தசை இழை இழையாகச் சேதப்படுகிறது. தசைக்குள் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஓர் ஆட்டத்தில் பெருமளவு தீர்ந்துவிடும். நன்றாகச் சாப்பிட்டாலும் அது முழுதாக நிரம்ப இரண்டு, மூன்று நாள் ஆகும். சனி, செவ்வாய், சனி என்று ஆட்டம் இருந்தால் கணக்கு இடிக்கிறது.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது 2010இல் வந்த ஓர் ஆய்வு. ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் அளவில் ஆடிய ஒரு கிளப்பின் 32 ஆட்டக்காரர்களை இரண்டு சீசன்கள் கவனித்திருந்தார்கள். வாரத்துக்கு ஓர் ஆட்டம் ஆடியபோதும் இரண்டு ஆடியபோதும் அவர்கள் ஓடிய தூரத்திலோ வேக ஓட்டங்களின் எண்ணிக்கையிலோ சொல்லும்படி வித்தியாசமே இல்லை. அதாவது அரங்கில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு யாரும் களைத்ததாகத் தெரியாது. காயக் கணக்கு மட்டும் வேறு கதை சொன்னது: வாரம் ஒன்று என்றபோது ஆயிரம் மணி நேரத்துக்கு 4.1 காயங்கள், இரண்டு என்றபோது 25.6. ஆறு மடங்கு.

இதைப் படித்திருந்தும் நான் ஒரு தவறு செய்தேன்.

என் நான்காவது சீசன். டிசம்பர் 26, 29, ஜனவரி 1 என்று ஏழு நாளில் மூன்று ஆட்டங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் குடும்பத்தோடு கால்பந்து பார்ப்பது இங்கே பழக்கம், அதில் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. எங்கள் இடது விங்கருக்கு, அதாவது இடது கோட்டோரமாக ஓடித் தாக்கும் ஆட்டக்காரனுக்கு, வயது இருபத்து நான்கு, அடுத்த ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது, வீட்டில் ஏழு மாதக் குழந்தை. புத்தாண்டு அன்று காலை நான் செய்த சோதனை எளிமையானது: மல்லாந்து படுத்து, முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலால் ஒரு பட்டையை அமுக்க வேண்டும். இடது காலின் அழுத்தம் அவனது வழக்கமான அளவைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. டேப்லெட்டில் அவன் எழுதியிருந்தது ஐந்து நான்குகள்.

"வலிக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"நேற்று தூங்கினாயா?"

"குழந்தை தூங்கியது," என்று சிரித்தான்.

பயிற்சியாளரிடம் என் அறிக்கை போயிற்று. அதில் "கவனிக்கவும்" என்று எழுதினேன். "இறக்க வேண்டாம்" என்று எழுதவில்லை. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். முந்தைய வாரம் இரண்டு பேரை நிறுத்திவைத்து, இரண்டாவது ஆட்டத்தில் தோற்றிருந்தோம். மூன்றாவது பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. 61வது நிமிடத்தில் கோட்டோரமாக ஓடியவன் யாரோ பின்னாலிருந்து சுட்டதுபோலத் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹாம்ஸ்ட்ரிங் என்கிற தொடைப் பின்தசை. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 2001-02இல் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த இந்தத் தசைக் காயம் 2021-22இல் 24 சதவீதமாகிவிட்டது. எங்கள் கிளப்பில் அன்று அதற்கு ஒரு முகம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மறுநாள் ஜிபிஎஸ் அறிக்கை வந்தது. முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில் அணியும் சிறு கருவியின் கணக்கு. முதல் பாதியில் அணியிலேயே அதிக தூரம் ஓடியவன் அவன்தான். என் மேசையில் படுத்தபடி அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, "பார்த்தீர்களா, நான் களைக்கவில்லை" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வாரம் அவன் ஆடவில்லை. ஜூனில் கிளப் அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அந்த வாரம் அப்பாவிடம் போனில் இதைச் சொல்லிப் புலம்பினேன். வழக்கமான கேலியை எதிர்பார்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, படகில் இரவுக் காவலை எப்படிப் பிரிப்பார்கள் என்று சொல்லத் தொடங்கினார். மூன்று நாள் தூங்காதவன் "எனக்குத் தூக்கமே வரவில்லை, நான் சுக்கான் பிடிக்கிறேன்" என்பானாம். அவனிடம்தான் கொடுக்கக் கூடாதாம். கொட்டாவி விடுகிறவனிடம் கொடுக்கலாமாம், அவன் உடம்பு இன்னும் உண்மை பேசிக்கொண்டிருக்கிறது. "உன் பையனிடம் நீ ஏன் கேட்டாய்? பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

அதற்குப் பிறகு டேப்லெட் எண்களை நான் கடைசியாகத்தான் படித்தேன். மாடிப்படியில் யார் எப்படி இறங்குகிறார்கள் என்று தேநீர்க் கோப்பையோடு கீழே நிற்பேன். ஷூ நாடா கட்ட யார் குனிகிறார்கள், யார் காலைப் பெஞ்சு மேல் தூக்கி வைக்கிறார்கள். வழக்கமாக வாயாடுகிறவன் எந்த நாளிலிருந்து அமைதியாக இருக்கிறான். இதையெல்லாம் அறிக்கையில் எழுதினால் சிரிப்பார்கள் என்பதால் அமுக்கும் சோதனையின் எண்ணோடு சேர்த்து எழுதினேன். "கவனிக்கவும்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். இறக்கலாம், இத்தனை நிமிடம் மட்டும் இறக்கலாம், இறக்கக் கூடாது. மூன்றில் ஒன்று.

களைப்பைப் போக்கும் வழிகளைப் பற்றி நிறையக் கேட்பார்கள். பனிக்கட்டித் தொட்டி, அழுத்தக் காலுறை, செர்ரிச் சாறு. எல்லாவற்றையும் பயன்படுத்தினோம். சிலவற்றில் கொஞ்சம் பலன் உண்டு, பலவற்றில் நம்பிக்கையே பலன். உண்மையில் வேலை செய்வது சோறும் தூக்கமும்தான். இதைச் சொல்ல எனக்குப் பட்டம் தேவையில்லை, எங்கள் பாட்டியே போதும். ஆனால் தூக்கத்தை எங்கே வாங்குவது? எங்கள் லீகில் பிளிமத்தும் கார்லைலும் ஒரே டிவிஷனில் இருந்த ஆண்டுகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். செவ்வாய் இரவு ஏழே முக்காலுக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு மேல் முடியும். குளித்து, அட்டைப்பெட்டியில் பாஸ்தா சாப்பிட்டு, பஸ் கிளம்பும்போது பத்தே முக்கால். ஆட்டத்துக்கு முன் மென்ற காஃபின் கம் இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், தவறவிட்ட கோல் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதிகாலை மூன்றுக்கு ஊர் வந்து சேர்ந்தால் ஐந்துக்குத்தான் கண் சொருகும். ஆறரைக்குக் குழந்தை எழுந்துவிடும்.

மேல்தட்டுக் கிளப்புகளுக்கு விமானம் உண்டு, இருபத்தைந்து நல்ல ஆட்டக்காரர்கள் உண்டு, 2020 முதல் ஐந்து மாற்று வீரர்கள்வரை இறக்கும் வசதியும் வந்தது. ஆனால் அவர்களுடைய நாள்காட்டி அதைவிட வேகமாக வீங்குகிறது. 2020-21இல் பெட்ரி, பதினெட்டு வயதில், பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்குமாக 73 ஆட்டங்கள் ஆடினார். ஐரோப்பிய நாடுகளின் யூரோ கோப்பை முடிந்த கையோடு டோக்கியோ ஒலிம்பிக். அந்தச் செப்டம்பரிலேயே தொடைக் காயம். 2024 செப்டம்பர் 17 அன்று மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர் ரோட்ரி, இப்படியே போனால் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலைக்கு நெருங்கிவிட்டோம் என்றார். ஐந்து நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் போயிற்று. களைப்புதான் காரணம் என்று எந்த பிசியோவும் சத்தியம் செய்ய முடியாது, நானும் செய்ய மாட்டேன். ஆனால் அவர் டேப்லெட்டில் நான்கு போடவில்லை, மைக்குக்கு முன்னால் இரண்டு போட்டார். அந்தத் துணிவுக்குப் பின்னால் அவருடைய இடம் உறுதியாக இருந்தது. என் விங்கருக்கு அது இல்லை.

ஆகவே களைக்கலாமா கூடாதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, களைப்பதில்லை என்று நம்புகிறவன்தான் என் மேசைக்கு வருகிறான் என்று சொல்வேன். டாக்ஸி ஓட்டுநர்கள் யாரும் அதை ஏற்றுக்கொண்டதில்லை.

கடைசி சீசனில் ஒரு புதன்கிழமை அதிகாலை, நீண்ட பயணம் முடிந்து பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிக் காரை நோக்கி நடந்தார்கள். ஜெர்சிப் பெரியவர் மட்டும் ஈர மூட்டைகளை ஒவ்வொன்றாகத் துவைக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். சேறு காய்ந்தால் போகாதாம். ஒரு மூட்டையை நான் தூக்கிக் கொடுத்தேன். வாசலைக் கடக்கும்போது வேடிக்கையாக டேப்லெட்டைக் காட்டி, நீங்களும் போடுங்கள் என்றேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஐந்து கேள்விகளையும் நிதானமாகப் படித்தார். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார். கீழே குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டியதை மறுநாள் காலை என் கணினியில் பார்த்தேன்: "வில்லா. 14 பேர்."