ஒரு கன அடிக்கு ரெண்டு குடம்

எங்கள் வீட்டில் ஒகேனக்கல் என்றதும் அருவி ஞாபகம் வருவதில்லை. டி.வி.யில் அடியில் ஓடும் எழுத்துதான் வரும். "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி." ஆடி பிறந்துவிட்டால் தர்மபுரியில் வெயில், மழை போல இதுவும் தினப்படிப் பேச்சு. மே மாத லீவில் ஒருநாள் ஆறாவது முடித்த மகள் கேட்டாள்: "கன அடின்னா எவ்வளவும்மா?"

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் என்று கையை விரித்துக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "குடத்துல சொல்லு."

ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். எங்கள் பிளாஸ்டிக் குடம் பதினாலு, பதினைந்து லிட்டர் பிடிக்கும். ஆக, ஒரு கன அடிக்கு ரெண்டு குடம். சரி, நேரிலேயே போய் எண்ணிவிடலாம் என்று மறுநாள் விடியற்காலையில் கிளம்பிவிட்டோம். நான், வீட்டுக்காரர், மகள், இரண்டாவது படிக்கும் மகன், அம்மா.

தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான். பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் இறங்கும் மலைப்பாதை. வளைவுகளில் மகன் வழக்கம்போல வாந்தி எடுத்தான். பை தயாராக இருந்தது.

எண்ணெய் தேய்த்துவிடக் கூப்பிடுகிறவர்கள், மீன் வறுவல் வாசனை, சாப்பாட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்த குரங்குகள், எல்லாவற்றையும் தாண்டித் தொங்குபாலத்துக்கு வந்தோம். அங்கிருந்து பார்த்தால்தான் இந்த ஊரின் சங்கதி புரியும். அகலமாகப் பரந்து வருகிற காவிரி, பாறைகளுக்கிடையே பல வாய்க்கால்களாகப் பிரிந்து, திடீரென ஒரு பிளவுக்குள் இறங்கிவிடுகிறது. கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. தண்ணீர் விழுந்து தெறிக்கிற சாரல், கல் புகைவது போலத் தெரிவதால் வந்த பெயர். அன்றைக்குக் கோடைத் தண்ணீர் என்பதால் புகை கொஞ்சம் கம்மிதான்.

தண்ணீர் குறைந்ததில் எங்களுக்கு ஒரு லாபம். ஆடியில் முழுகிக் கிடக்கும் பாறையெல்லாம் வெளியே இருந்தது. வேகமான நீரோட்டத்தை விட்டு விலகி, ஓரமாக மெதுவாக நடந்தோம். பாறை வழவழவென்று, கறுப்பும் சாம்பலுமாக, இடையிடையே வெள்ளைக் கோடு ஓடி இருந்தது. ஒகேனக்கல் பக்கத்துப் பாறைகளில் சிலவற்றுக்கு 240 கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள். மகன், "தாத்தாவை விடப் பெருசா?" என்றான்.

அப்போதுதான் அந்தக் குழியைப் பார்த்தான். பாறையின் நடுவில், யாரோ உளி வைத்துக் கடைந்த மாதிரி உருண்டையான குழி. முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, நாலு கூழாங்கற்களை எடுத்தான். ஒவ்வொன்றும் முட்டை போல வழவழப்பு. யார் செய்தது என்று கேட்டான். "ஆட்டுக்கல்லு பாத்திருக்கியா கண்ணு? தண்ணிதான் ஆட்டுது, இந்தக் கல்லுதான் குழவி" என்றார் அம்மா. சுழலில் மாட்டிக்கொண்ட கல் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்து, தானும் தேய்ந்து உருண்டையாகிறது. இதை நான் விளக்கியிருந்தால் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

குழியருகில் உட்கார்ந்துதான் கணக்கைத் தொடங்கினோம். அன்றைய பேப்பரில் ஆயிரம் கன அடி. அப்படியென்றால் ஒரு வினாடிக்கு இரண்டாயிரம் குடம். 2018 ஆகஸ்டில் வெள்ளம் 2 லட்சம் கன அடி வரை வந்ததே, அது நாலு லட்சம் குடம். மகள் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "அம்மாயி, நீ ஒருநாளைக்கு எத்தனை குடம் தூக்குவ?" என்றாள்.

"ஆறு. ஆடு மாடு இருந்தா எட்டு."

அம்மாவின் ஊர் பென்னாகரம் பக்கம். ஆறு இவ்வளவு கிட்டத்தில் ஓடியும், குடித்ததென்னவோ அடிபம்புத் தண்ணீர். பாறைக்குள் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் பாறையிலிருக்கும் ஃப்ளோரைடு கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வளர்கிற வயதில் பல்லில் காவி ஏறும். இன்னும் அதிகமானால் வருஷக்கணக்கில் குடித்து முட்டியும் முதுகும் இறுகிப்போகும். அம்மாவின் முன்பல் நாலும் பழுப்பு. என்னுடையதும்தான். கல்லூரி முடிக்கும்வரை நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பேன். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. என் பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கும்போது இப்போதும் எனக்கு ஒரு நிமிஷம் அதிசயமாக இருக்கும்.

மகள் விரலால் பாறையில் பெருக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மாயி, நீ கிட்டத்தட்ட ஒரு வருஷம் தூக்கின தண்ணி இங்க ஒரு செகண்டுல போயிடுது!"

"அது சரி. இடுப்பு வலிக்காம போவுது பாரு" என்றார் அம்மா.

பரிசலும் ஏறினோம். மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை அது. முன்பெல்லாம் அடியில் தோல் போர்த்துவார்களாம். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். லைஃப் ஜாக்கெட்டில் மகன் காணாமலே போய்விட்டான். பள்ளத்துக்குள் போனதும் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி, வெயில் மறைந்து, சத்தம் அடங்கியது. எதிர்க்கரை கர்நாடகா. அந்த அமைதியிலும் ஒரு பரிசல் எங்களை உரசிக்கொண்டு வந்து முறுக்கு விற்றது. வாங்கினோம்.

இறங்கும்போதுதான் மகனின் ஒரு செருப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. பரிசல்காரர் துடுப்பை நீட்டுவதற்குள் பாறை இடுக்கில் நுழைந்து போயேவிட்டது. அவன் அழத் தொடங்க, "மேட்டூரு போய்ச் சேந்துடும் கண்ணு" என்றார் அம்மா. வீட்டுக்காரர் சும்மா இருக்காமல், "ஜூன் 12 அணை திறந்தா தஞ்சாவூருக்கே போயிடும்டா" என்று சேர்த்துவிட்டார்.

இப்போது மிச்சமிருக்கும் ஒற்றைச் செருப்பைத் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறான். தினமும் காலண்டரைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறான்.