சூன்டெல் மலைச் சண்டை: கேடயச் சுவர் மூன்றாவது தடவையும் பாழ்

24 சாக்சன் வீரர் பொம்மைகள், 28 மி.மீ. அளவு, கேடயச் சுவராக இரண்டு வரிசை. சட்டை, தாடி, ஈட்டி எல்லாம் முடித்து, ஒரு கேடயம் பக்கத்துக் கேடயத்தின் மேல் லேசாக ஏறி நிற்கிற மாதிரி சூப்பர் க்ளூவில் ஒட்டிவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் விபூதி பூசியது போல வெள்ளை. மழைக்கால ஈரத்தில் பசையின் ஆவி பெயின்ட் மேல் படியும் என்று தெரிந்தும் டப்பாவை மூடி வைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

இந்தச் சுவரை மட்டும் விட முடியாது, 782இல் ஜெர்மனியின் சூன்டெல் மலையில் பிராங்கு அரசர் சார்லமேனின் படையைச் சாக்சன்கள் தோற்கடித்த சண்டையே அதுதான். சக தளபதி தியோடரிக்கோடு சேர்ந்து போனால் வெற்றிப் பெயர் அவருக்குப் போய்விடுமே என்று பிராங்குத் தளபதிகள் அதல்கிஸும் கைலோவும் தனியாகக் கிளம்பி, ஓடுகிறவனைத் துரத்துகிற மாதிரி அவரவர் குதிரை வேகத்துக்குப் பாய்ந்தார்கள். சாக்சன்களோ பாசறைக்கு முன்னால் அணிவகுத்து நின்றார்கள். இரண்டு தளபதிகளும் காலி, கூடவே 4 கோமகன்கள், 20 பிரபுக்கள் வரை. ஆக, குதிரைகள் சிதறி வரணும், சுவரில் சந்து தெரியக்கூடாது.

இப்போது கேடயத்தின் பின்புறமும் முஷ்டியிலும் கைத்துளைப்பானால் 0.8 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் கம்பி செருகி, எபாக்சி. காய நேரமாகும், ஆனால் வெளுக்காது, அதுவரை கேடயத்தைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளலாம். நடு ஆளிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் போகிறேன். 7 பேர் ஆச்சு, நகத்தால் தட்டினாலும் அசையவில்லை. வெளுத்துப்போன பழைய கேடயங்களுக்குக் கிளாஸ் வார்னிஷ் ஒரு கோட், மேலே மேட், ஓரளவு மறைகிறது.

சாக்சன் தலைவர் விடுகிண்ட் காலத்துப் பொம்மைகள் கிடைப்பதே அபூர்வம். பெட்டியில் 'சாக்சன்' என்று போட்டிருக்கும், திறந்தால் 1066 இங்கிலாந்துக்காரர்கள், பாதிப் பேர் கையில் துளி வடிவ நீளக் கேடயம். வட்டக் கேடயத்தைத் தனியாக வரவழைத்தேன், கஸ்டம்ஸில் அழுத காசுக்கு இன்னொரு பெட்டியே வாங்கியிருக்கலாம்.

இதற்கு அடுத்தது வெர்டென் தானே என்று நண்பர் கேட்டார். சார்லமேன் அங்கே 4,500 சாக்சன்களின் தலையை வெட்டியதாகப் பிராங்கு அரச ஆண்டேடு சொல்வதைப் பொம்மையாக வைக்க எனக்கு மனசு வரவில்லை. 785இல் இன்றைய பிரான்ஸின் அத்தினியில் விடுகிண்ட் ஞானஸ்நானம் வாங்க, சார்லமேனே ஞானத்தந்தையாக நின்ற காட்சி வேண்டுமானால் செய்யலாம். அதற்கும் முன்னால் 772இல் சார்லமேன் இடித்த இர்மின்சுல், சாக்சன்களின் புனிதத் தூண். திறந்தவெளியில் நட்ட பெரிய அடிமரம் என்கிறார்கள், காய்ந்த கறிவேப்பிலைக் கட்டை ஒன்றை இப்போதே உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பிராங்குக் குதிரைகள் ஒன்பதும் இன்னும் பிரைமரில்தான் நிற்கின்றன.