வேலை போனப்ப ஈஎஸ்ஐ-ல இருந்து காசு வாங்கின கதை

2022 கடைசில திருப்பூர்ல ஆர்டர் படுத்துச்சே, அதுல எங்க யூனிட்டும் மாட்டுச்சு. முதல்ல ஒன்றரை ஷிஃப்ட் ஒரு ஷிஃப்ட் ஆச்சு, அப்பறம் வாரத்துல மூணு நாலு நாள் மட்டும், கடைசில "ஆர்டர் வந்தா நாங்களே கூப்பிடறோம்". நான் செக்கிங்ல இருந்தேன். சம்பளத்துல ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கறது தெரியும், நூறு ரூபாய்க்கு நம்மகிட்ட முக்கா ரூபா, கம்பெனி மூணேகால் ரூபா, ஆனா டிஸ்பென்சரி மாத்திரைய தவிர அதுல வேற ஏதாச்சும் இருக்குன்னு எங்க செக்ஷன்ல ஒருத்தருக்கும் தெரியாது.

யூனியன்ல இருக்கற அண்ணன் ஒருத்தர்தான் சொன்னார், வேலை போனா ஈஎஸ்ஐ காசு குடுக்கும்டா, போய் கேளுன்னு. ஸ்கீம் பேரு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, பேரை சொல்லி முடிக்கறதுக்குள்ள வேற வேலையே கிடைச்சுடும். 2018 ஜூலைல ஆரம்பிச்சது, அப்ப சராசரி சம்பளத்துல கால்வாசிதான், கொரோனா வந்தப்பறம் பாதின்னு ஆக்கினாங்க. வாழ்நாள்ல மொத்தமே 90 நாளைக்குத்தான். ரெண்டு வருஷம் ஈஎஸ்ஐ-ல இருந்திருக்கணும், வேலை போறதுக்கு முந்தின ஆறு மாச பீரியட்ல 78 நாளாச்சும் பணம் கட்டியிருக்கணும், அதுக்கு முன்னாடி மூணு பீரியட்ல ஏதாவது ஒண்ணுலயும் 78 நாள் இருக்கணும். ஏப்ரல் டு செப்டம்பர் ஒரு பீரியட், அக்டோபர் டு மார்ச் இன்னொண்ணு.

இதெல்லாம் எனக்கு இருந்துச்சு. சிக்கல் கம்பெனி ஆபீஸ்லதான். செட்டில்மெண்ட் வேணும்னா ரிசைன் லெட்டர் எழுதிக் குடுங்கன்னாங்க, எல்லாரும் குடுத்தாச்சு நீங்க மட்டும் ஏன் இழுக்கறீங்கன்னு. நான் குடுக்கல. நானா நின்னேன்னு எழுதிட்டு அப்பறம் வேலை போச்சுன்னு எங்க போய் சொல்றது? ஒழுங்கு நடவடிக்கைல தூக்கினாலோ, ரிட்டயர் ஆனாலோ, விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) வாங்கினாலோ இந்த காசு கிடையாது, அதனால எந்த பேப்பர்ல கையெழுத்து போட்டாலும் காரணம்னு என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு போடுங்க.

பிராஞ்ச் ஆபீஸ் கவுன்ட்டர்ல இருந்த மேடம் என் ஐபி நம்பரை (ஈஎஸ்ஐ-ல நமக்குன்னு குடுக்கற நம்பர்) தட்டிட்டு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி காட்டினாங்க. மாசாமாசம் எத்தனை நாள், எவ்வளவு சம்பளம்னு வரிசையா இருக்கு, கடைசி மாசத்துல நாள் சைபர், காரணம்ங்கற இடத்துல 'லீவு'. "தம்பி, கம்பெனி கணக்குப்படி நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்க, லீவுல"ன்னாங்க. கடைசி வேலை நாளும் காரணமும் கம்பெனிதான் போடணும், ஈஎஸ்ஐ-ல நாம போட முடியாது (பிஎஃப்ல ரெண்டு மாசம் கழிச்சு நாமளே எக்ஸிட் தேதி போட்டுக்கலாம், இங்க அந்த வசதி இல்ல). திரும்ப கம்பெனிக்கு நடந்து, அக்கவுண்ட்ஸ் அண்ணன் கால்ல விழாத குறையா கேட்டு, 'நோ வொர்க்'னு மாத்த வெச்சேன். அந்த காரணம் அவங்க லிஸ்ட்லயே இருக்கு, புதுசா எதுவும் எழுத வேண்டியதில்ல.

அதுக்கப்பறம் பெரிசா ஒண்ணும் இல்ல. வேலை போய் 30 நாள் ஆகணும், அப்பறம் ஈஎஸ்ஐ வெப்சைட்ல நம்ம லாகின்ல கிளெய்ம் போட்டு ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் ஸ்கேன் பண்ணி ஏத்தணும். முன்னாடி அஃபிடவிட் கேட்டாங்க, இப்ப அது வேண்டாம். வரப்போற மாசத்துக்கு முன்கூட்டியே கேட்க முடியாது, முடிஞ்ச நாளுக்குத்தான். இனிஷியல் ஆதார்ல ஒரு மாதிரி ஈஎஸ்ஐ-ல ஒரு மாதிரி இருந்தா முதல்ல அதை சரி பண்ணிக்கங்க.

தொகைதான் கொஞ்சம் வயித்தெரிச்சல். கடைசி நாலு பீரியட்ல வாங்கின மொத்த சம்பளத்தை 730-ஆல வகுத்து அதுல பாதி, அதாவது ஞாயித்துக்கிழமையும் சேர்த்து வகுக்கறாங்க. ஈஎஸ்ஐ கணக்குல எனக்கு மாசம் 12,000 தான் காட்டியிருந்தாங்க, ஓவர்டைமெல்லாம் தனியா கவர்ல வரும், அது எந்த கணக்குலயும் ஏறல. 2,88,000-ஐ 730-ஆல வகுத்தா 394, பாதி 197 ரூபா, முழுசா 90 நாளுக்கும் வாங்கினா 17,700 சொச்சம். கவர்ல வந்த காசும் கணக்குல இருந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு யோசிச்சேன், யோசிச்சு என்ன பண்றது. ஆனா வீட்டு வாடகை அதுலதான் போச்சு, காசு நேரா பேங்க்குக்கே வந்துச்சு, யாருக்கும் பத்து பைசா குடுக்கல.

90 நாள் முடியறதுக்குள்ள வேற கம்பெனில சேர்ந்துட்டேன், சேர்ந்த அன்னைக்கோட அது நின்னுடும். இந்த ஸ்கீம் அப்பப்ப நீட்டிச்சு நீட்டிச்சுத்தான் ஓடுது, அதனால இப்ப நடப்புல இருக்கான்னு பிராஞ்ச் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. புது கம்பெனில ஈஎஸ்ஐ போடறப்ப பழைய ஐபி நம்பரையே குடுங்க, அவசரத்துல புதுசு ஒண்ணு போட்டுட்டாங்கன்னா இத்தனை வருஷம் கட்டினது தனியா கிடக்கும், அப்பறம் ரெண்டையும் சேர்க்க நீங்கதான் அலையணும்.