பாயிண்ட் காலணிக்கு முன் கணுக்கால்

1832-ஆம் ஆண்டு பாரிஸ் ஓபெராவில் மரி தாலியோனி 'லா சில்ஃபீட்' பாலேயை நுனிக்காலில் ஆடியபோது அணிந்திருந்தது மென்மையான சாட்டின் காலணி. ஓரங்களிலும் நுனியிலும் நூலால் நெருக்கித் தைத்திருந்ததைத் தவிர அதில் தாங்குவதற்கென்று ஏதும் இல்லை. நுனிக்காலில் ஆடுவதற்கென்றே செய்யப்படும் இன்றைய பாயிண்ட் காலணியில் துணியையும் காகிதத்தையும் பசையிட்டு அடுக்கிய கெட்டியான முனையும், உள்ளங்காலைத் தாங்கும் விறைப்பான தகடும் உண்டு. ஆயினும் உடலை உயர்த்தி நிறுத்தும் வேலை இன்றும் தசைகளுடையதுதான். வயது வந்த பின் பாலே கற்கத் தொடங்கிய என்னைப் போன்றவர்கள் காலணியை அலசி ஆராயும் அளவுக்குப் பாதத்தைக் கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

வகுப்புக்குச் சற்று முன்னதாக வந்தவர்கள் தரையில் அமர்ந்து, பாதத்தை வளைத்து நெடுநேரம் இழுத்துப் பிடித்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அசையாமல் நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால் தசையின் விசை தற்காலிகமாகக் குறையக்கூடும் என்பதால், நான் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடலைச் சூடாக்கிய பிறகு, கணுக்காலை இரு பக்கமும் சுழற்றி, பார் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகால், முன்பாதம், விரல்நுனி என்ற வரிசையில் மெதுவாக உயர்ந்து இறங்குகிறேன். இவ்வளவே போதும், வலிமைப் பயிற்சியை இதனோடு சேர்த்துத் தசைகளைக் களைப்பாக்கினால், களைத்த கணுக்காலோடு ஆட வேண்டியிருக்கும்.

வலிமைப் பயிற்சியில் நான் முதலிடம் தருவது கணுக்காலின் வெளிப்புறத் தசைகளுக்கு. கீழ்க்கால் எலும்புகளின் கவைக்குள் பொருந்தியிருக்கும் கணுக்கால் எலும்பு முன்புறம் அகலமாகவும் பின்புறம் குறுகலாகவும் இருப்பதால், நாம் பாதத்தை நீட்டும்போது அதன் குறுகிய பகுதி கவைக்குள் வந்துவிடுகிறது, எலும்பின் பிடிமானமும் தளர்ந்துவிடுகிறது. அந்நிலையில் பாதம் உள்நோக்கி அரிவாள்போல் வளைந்துவிட்டால் முதலில் அடிபடுவது வெளிப்புறத் தசைநார். அதைத் தடுக்கப் பாதத்தை வெளிநோக்கி இழுத்துப் பிடிப்பவை முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி வரும் தசைகள். ஆகவே, ரப்பர் பட்டையை முன்பாதத்தில் சுற்றி, பாதத்தை நீட்டிய நிலையிலேயே, முழங்காலை அசைக்காமல் வெளிப்புறமாகத் தள்ளி, பின் அவசரப்படாமல் திரும்பி வர வேண்டும். பலர் பட்டையை முன்னும் பின்னும் மட்டும் இழுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது உள்ளங்காலின் சிறு தசைகள். விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகாலை நோக்கி இழுத்துப் பாதவளைவை உயர்த்தும் பயிற்சி எளிதாகத் தோன்றும். விரல்கள் சுருண்டுகொண்டால் அது பயனற்றது. மற்ற நான்கு விரல்களும் தரையில் இருக்கப் பெருவிரலை மட்டும் தூக்குவதும், பின்பு மாற்றிச் செய்வதும் இதற்குத் துணை. விரலை மடக்கும் பழக்கம் நீடித்தால், பெருவிரலை இயக்கும் நீண்ட தசைநாண் கணுக்காலின் பின்புறம் உரசி வீங்கும். பாலே ஆடுவோரிடம் இவ்வலி மிகவும் பரிச்சயமானது. பாதவளைவைக் கட்டாயமாக வளைக்கும் மரக்கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பாதத்தை அழகாகக் காட்டலாமே தவிர, தசைக்கு வலிமை தருவதில்லை.

ஒற்றைக் காலில், முழங்காலை நேராக வைத்து, குதிகால் சாயாமல் இருபது முறைக்கு மேல் உயர்ந்து இறங்க முடிகிறதா என்பதைப் பல ஆசிரியர்கள் பாயிண்டுக்கு முன் சோதிப்பார்கள். எண்ணிக்கையைவிட, கடைசி முறையிலும் எடை பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே இறங்குகிறதா என்பதையே நான் பார்க்கிறேன். கண்ணாடி முன் இது எளிது. கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றால் கணுக்காலின் சமநிலை எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

நீண்ட நேரம் நிதானமாக இழுத்துப் பிடிப்பதை வகுப்பு முடிந்த பின் வைத்துக்கொள்ளலாம். அப்போது ஆடுதசையை முதலில் முழங்காலை நீட்டியும் பிறகு சற்று மடக்கியும் இழுக்க வேண்டும்; மடக்கினால்தான் உள்ளடுக்குத் தசைக்கு இழுப்பு முழுமையாகச் சென்று சேரும்.