நட்சத்திர ஏரியும் மானாமதுரை மாமாவும்

மே மாதம் பிறந்துவிட்டால் கொடைக்கானல்காரனுக்குச் சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். மார்கழியில் பல் தந்தியடிக்கும்போது ஒருத்தரும் நம்மை நினைப்பதில்லை. அக்னி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள் போன் வரும். "சும்மாதான் மாப்ள, உங்களைப் பாக்கணும் போல இருந்துச்சு."

இந்தத் தடவை அப்படிப் பார்க்க வந்தவர் என் மனைவியின் பெரியப்பா. மானாமதுரைக்காரர். வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் வைகை. "எங்க ஊர்ல ஆறு இருக்கு மாப்ள, தண்ணிதான் வெளியூர் போயிருக்கு" என்பார். மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று கேள்விப்பட்டு, எடுத்த பாஸை ரேஷன் கார்டு மாதிரி லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. ஊரைப் பற்றிய விவரமெல்லாம் அதில் நீல மையில் எழுதி, அடிக்கோடு சிவப்பு மையில்.

முதல் நாள் கோக்கர்ஸ் வாக். 1872-ல் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர் இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து மதுரை வரை தெரியும் என்று நோட்டில் இருந்ததால், மானாமதுரையையும் பார்த்துவிடலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். மூடுபனியில் எதிரே சோளம் சுட்டுக்கொண்டிருந்த அம்மாவே சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் ஏரி. "போட்ல போவோம் மாப்ள. நீங்க உள்ளூர்க்காரரு, உங்களுக்குத் தெரியாததா."

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூஞ்சிக்கல்லில் இருபத்திரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட போட்டில் ஏறியதில்லை. மதுரைக்காரர்கள் எத்தனை பேர் தினமும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறார்கள், அந்த மாதிரிதான். ஆனால் மாமாவிடம் அதைச் சொல்ல முடியுமா? பெண் கொடுத்த இடம். "வாங்க மாமா" என்று தெம்பாகப் போய் மிதி படகு ஒன்றை அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். மனைவி உஷார். "குளிருது, நான் கரையிலேயே பஜ்ஜி சாப்பிட்டுட்டு இருக்கேன்" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

மிதி படகில் எனக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கலாம், ஆனால் இரண்டு பேருடைய பெடலுக்கும் தண்டு ஒன்றுதான். மாமா முழங்கால் வலிக்காரர். கால்களைப் பெடல்மேல் ஓய்வாக வைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்துவிட்டார். நான் மிதிக்க மிதிக்க அவர் முழங்கால்கள் தானாக ஏறி இறங்கின. அதாவது படகோடு அவருடைய இரண்டு கால்களையும் சேர்த்து நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கரையில் இருந்து பார்ப்பவர்களுக்கோ, பெரியவர் சுறுசுறுப்பாக மிதிக்கிறார், பக்கத்தில் ஒருத்தன் மூச்சு வாங்குகிறான்.

"1863-ல லெவிஞ்சுன்னு ஒரு வெள்ளைக்காரர். நம்ம மதுரை கலெக்டரா இருந்தவருதான் மாப்ள! சதுப்பா கெடந்த இடத்துல மூணு ஓடையை மறிச்சு இந்த ஏரியை உண்டாக்கியிருக்காரு. அறுபது ஏக்கர். வடிவம் நட்சத்திரம்."

கரையில் நின்று பார்த்தால் அந்த நட்சத்திரம் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முனையும் மரத்துக்குப் பின்னால் வளைந்து ஒளிந்துகொள்ளும். ஊருக்குள் இருந்துகொண்டே நானும் அதை ஏதோ பேச்சுக்குச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். பதினைந்தாவது நிமிடம் மூடுபனி இறங்கி, போட் ஹவுஸ் மறைந்து, திரும்புவதாக நினைத்துக்கொண்டு ஏதோ ஒரு கிளைக்குள் நுழைந்த பிறகுதான் நம்பினேன்.

வெளியே வந்து வலது பக்கம் திரும்பினேன். இன்னொரு முனை. அதே மாதிரி மரங்கள், அதே மாதிரி புல். நடுவில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பினால் படகும் திரும்ப வேண்டும். அதற்குப் படகு ஓட வேண்டுமே! என் கால் நின்றதும் படகும் நின்று, கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கோயில் யானை மாதிரி அசைந்து கொடுத்ததே தவிர நகரவில்லை. கடைசியில் ஓரத்துச் செடிகொடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

போன் அடித்தது. "எங்க இருக்கீங்க?"

"ஏரியிலதான்."

"ஏரியில எங்க?"

நட்சத்திரத்துக்கு எந்த முனை என்று சொல்வது? பேசாமல் வைத்துவிட்டேன்.

மாமா இதில் எதையும் கவனிக்கவில்லை. பக்கம் திருப்பினார். "இங்க வந்த முதல் போட்டெல்லாம் தூத்துக்குடியில இருந்து கொண்டாந்ததாம். அப்பல்லாம் இந்த பஸ் ரோடே கெடையாது மாப்ள." கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் நோட்டை மூடினார். "தூத்துக்குடியில இருந்து மலை உச்சிக்குப் போட்டைக் கொண்டாந்துட்டான். உங்களால இந்தா இருக்கிற கரைக்குக் கொண்டுபோக முடியலையே."

நல்லவேளையாக ஒரு துடுப்புப் படகு அந்தப் பக்கம் வந்தது. ஓட்டிய தம்பி எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கயிற்றை எடுத்தார். அன்றைக்கு நாங்கள் எத்தனையாவது ஆளோ! கட்டி இழுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். "எந்த ஊரு சார்?"

மங்கி குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "மானாமதுரை" என்றேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு பெருமை வந்திருக்க வேண்டும், காட்டிக்கொடுக்கவில்லை.

கரையேறியதும் கூடுதல் நேரத்துக்குத் தனியாகப் பணம் கட்டினேன். மனைவி மூன்றாவது பஜ்ஜியில் இருந்தாள். மாமா வீட்டுக்கு வந்ததும் ஊருக்கு போன் போட்டு, "ஒரு மணி நேரம் விடாம மிதிச்சேன்னு வச்சுக்க, முழங்கால் இப்ப எவ்வளவோ தேவலை" என்றார். எனக்கு மறுப்பேச்சு பேசத் தெம்பில்லை. அவர் கொண்டுவந்திருந்த முழங்கால் தைலத்தை என் இரண்டு கால்களிலும் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அவர் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் கடையைத் திறந்து மெஷினைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். ஆதார் கார்டை நீட்டியபடி ஒருத்தர் வந்து நின்றார். அதே தம்பி.

"ரெண்டு பக்கமும் எடுங்கண்ணே" என்றார். எடுத்துக் கொடுத்தேன். சில்லறையை எண்ணி வைத்தார். படியிறங்கப் போனவர் திரும்பினார்.

"மானாமதுரையில மழை எல்லாம் உண்டாண்ணே?"